மண் கோதாவா, மெத்தையா? பழைய மல்லர்களின் பயிற்சி இன்றைய பையனுக்கு உதவுமா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. கோடை விடுமுறைகளில் மதுரையில் தாத்தா வீட்டில் சிலம்பம் பழகியவன். இப்போது குஸ்தி கற்றே தீருவேன் என்று நிற்கிறான். வடக்குத் தில்லியில் 'அகாடா' என்ற மல்லர் பயிற்சிக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தோம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மண் கொத்துவது என்றே நேரம் முழுவதும் போகிறது. எங்கள் குடியிருப்பின் ஜிம் பயிற்சியாளர், "இதெல்லாம் காலாவதியானது, முழங்கால் போய்விடும்" என்கிறார். தாத்தாவோ "அந்தக் காலத்துப் பயிற்சிக்கு ஈடு உண்டா?" என்கிறார். யார் சொல்வது சரி? மற்ற நாடுகளில் பாரம்பரிய மல்லர்கள் எப்படிப் பழகுகிறார்கள்? பத்து வயது மகளும் அண்ணனோடு போவேன் என்கிறாள்.

பதில்: ஜிம் பயிற்சியாளரும் தாத்தாவும் எதிரெதிராகப் பேசினாலும் இருவர் கண்ணும் கருவியின் மேல்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கட்டை பழசு. மற்றவருக்கு அதுவே பெருமை. கட்டையைக் கொஞ்ச நேரம் மூலையில் சாத்தி வையுங்கள். பையன் எந்த விதிப்படி மோதப் போகிறான்? எது நடந்தால் அவன் தோற்றவன்? எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்? இவை தெரிந்தால் எந்தப் பயிற்சி வேண்டும், எது வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும். உலகின் எந்த மூலையில் மல்லர்களைப் பார்த்தாலும் அவர்கள் உடலை வார்த்தது அந்த ஊர் ஆட்டத்தின் விதிதான். பரம்பரை ரகசியம் என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

ஜப்பானின் சுமோவில் இது பளிச்சென்று தெரியும். வளையத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். அதற்கு வெளியே கால் பட்டால் தோல்வி. உள்ளே இருந்தாலும் பாதத்தைத் தவிர உடம்பின் வேறெந்தப் பகுதி மண்ணைத் தொட்டாலும் தோல்வி. தொழில்முறை ஆட்டத்தில் எடைப் பிரிவு கிடையாது. பெரும்பாலான மோதல்கள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட ஆட்டத்தில் பிழைக்கக் கனமான உடல் வேண்டும், தாழ்ந்த இடுப்பு வேண்டும், தரையை விட்டு எழாத பாதம் வேண்டும். 'ஷிகோ' என்ற பயிற்சியில் ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, தரையில் ஓங்கி ஊன்றி, அப்படியே இடுப்பை இறக்குவார்கள். இதை நூற்றுக்கணக்கில் செய்வார்கள். 'சுரியாஷி'யில் பாதத்தை மண்ணில் தேய்த்தபடியே நகர வேண்டும். 'தெப்போ' என்பது மரத்தூணை உள்ளங்கைகளால் மாறி மாறி அறைவது. 'மதவாரி'யில் கால்களைப் பக்கவாட்டில் முழுவதும் விரித்து நெஞ்சைத் தரையில் படிய வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் கண் கலங்குவது இதில்தான். கடைசியாக ஒருவர் மார்பைக் கொடுத்து நிற்க, மற்றவர் அவரை வளையத்தின் குறுக்கே மூச்சு முட்டும்வரை தள்ளிக்கொண்டே போவார். அத்தனையும் வெறும் வயிற்றில், காலையில். முடிந்தபின் இறைச்சியும் காய்கறியும் கொதிக்கும் 'சாங்கோ' பானையைச் சுற்றி உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். நீண்டதூர ஓட்டக்காரர் இந்த அட்டவணையைப் பின்பற்றினால் கெட்டுப்போவார். சுமோவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம் மண் குஸ்தியில் கதை வேறு. எதிராளியின் இரண்டு தோள்களையும் மண்ணில் படிய வைத்தால்தான் வெற்றி. புள்ளிக் கணக்கு இல்லை. பழைய நாளில் நேர வரம்பும் இல்லை. ஆகவே தோற்க விரும்பாதவன் குப்புறப் படுத்துக்கொண்டு முதுகை மட்டும் கொடுத்துக்கொண்டே நெடுநேரம் கிடக்கலாம். 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானை எதிர்த்த போலந்து மல்லர் ஸ்பிஷ்கோ செய்தது அதைத்தான். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தரையை விடாமல் கிடந்து ஆட்டத்தைச் சமனில் முடித்தார். 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரைச் சாய்த்தார். ஒரே ஆள் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டிய ஆட்டம் இது: நொடியில் முடிக்கும் வேகம் ஒரு பக்கம், மணிக்கணக்கில் தளராத மூச்சு இன்னொரு பக்கம். தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் போனது அதனால்தான். காமா தினமும் 5,000 பஸ்கி எடுத்தார் என்று சொல்லாத பயில்வான் இல்லை. அந்த எண்ணை வைத்துப் பையனை மிரட்ட வேண்டாம். பயில்வான்கள் எண்ணிக்கையில் தாராளமானவர்கள்.

அகாடா தண்டாலைக் கிட்டப் போய்க் கவனித்தால் அது பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பில் போடுவதைப் போல் இருக்காது. இடுப்பை உயர்த்தி நிறுத்தித் தொடங்குவார்கள். முகம் மண்ணை உரசுவதுபோல் இறங்கும், நெஞ்சு தாழ்ந்து முன்னே போகும், முதுகு வளைய மார்பு மேலெழும், பிறகு இடுப்பு பின்வாங்கிப் பழைய இடத்துக்கு வரும். எதிராளியின் நெஞ்சுக்கு அடியில் புகுந்து காலைப் பற்றி எழும்பும்போது உடல் போகும் பாதையும் ஏறத்தாழ இதுவே. பஸ்கியும் அப்படித்தான்: இறங்கும்போது குதிகால் எழும்பும், கைகள் பின்னால் வீசிப்போய் முன்னே வரும், எழும்போது எடை முன்பாதத்துக்குப் போகும். தோள், இடுப்பு, மூச்சு மூன்றும் ஒரே தாளத்தில் ஓடப் பழகுகின்றன. ஜிம் இயந்திரத்தில் உட்கார்ந்து தொடையை மட்டும் தனியாக உழைக்க வைப்பதால் தொடை பருக்கும். இந்தத் தாளம் வராது.

ஆனால் உங்கள் கண்ணில் வெறும் எடுபிடி வேலையாகப் பட்ட ஒன்றைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். மண் கொத்துவதைச் சொல்கிறேன். கோதாவின் மண் இரவில் இறுகிவிடும். காலையில் இளையவர்கள் மண்வெட்டியோடு இறங்கி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை புரட்டுவார்கள். பிடி குட்டை, முதுகை வளைக்காமல் வேலை நடக்காது. ஓங்கி இறக்கி, கால்களுக்கு இடையே மண்ணை இழுக்கும்போது பிடரி, முன்கை, இடுப்பு, தொடையின் பின்புறம் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். எதிராளியின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுப்பதற்கும் இதே அசைவுதான். கொத்தி முடித்ததும் ஒரு கனமான பலகையின்மேல் ஒருவன் ஏறிக்கொள்ள, இன்னொருவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்து மண்ணைச் சமன்செய்வான். மோர், கடுகெண்ணெய், மஞ்சள்தூள், வேப்பிலை எல்லாம் அவ்வப்போது மண்ணில் கலக்கப்படும். பண்டைய கிரேக்கர்களும் மல்லுக்கு முன் தரையைக் குந்தாலி போன்ற கருவியால் கொத்தி மென்மையாக்கினார்கள். அதையே உடற்பயிற்சியாகவும் வைத்திருந்தார்கள். அவர்கள் மண்பாண்ட ஓவியங்களில் விளையாட்டு வீரர்களின் பக்கத்தில் அந்தக் கருவி அடிக்கடி தென்படும். கடலுக்கு அப்பாலிருந்த இரண்டு தேசங்கள் இதில் ஒத்துப்போனதற்கு மாய மந்திரம் காரணமில்லை. விழுந்தால் அடிபடாத தரை வேண்டும் என்றால் யாராவது கொத்தித்தானே ஆக வேண்டும்?

கர்லாக்கட்டைக்கு வருவோம். காலாவதி என்று சொன்ன பயிற்சியாளரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள்: இந்தியாவில் பார்த்த கட்டையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் தங்கள் ராணுவத்துக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் கொண்டுபோனார்கள், 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. தோள் மூட்டு அதன் முழு வட்டத்திலும் எடையோடு அசைந்து பழகுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 13 வயதுக்கு ஒரு கையால் நிதானமாகச் சுழற்றக்கூடிய சிறு கட்டை போதும். ஆணி அடித்த கனமான ஜோடிக் கட்டையும் மூங்கில் நுனியில் கல் உருண்டை வைத்த கதாயுதமும் பெரியவர்களின் சமாசாரம். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கல் வளையத்தை யாராவது பையனுக்கு மாட்டினால் அன்றே அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

கட்டையைக் கலையாக வளர்த்தவர்கள் ஈரானியர்கள். அவர்களுடைய 'சூர்கானே' என்ற பயிற்சிக்கூடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே எண்கோணக் குழி ஒன்று இருக்கும். மேடையில் 'முர்ஷித்' உட்கார்ந்து பறையைத் தட்டிக் கவிதை பாடுவார். குழிக்குள் வட்டமாக நிற்பவர்கள் அவருடைய தாளத்துக்குத் தண்டால் எடுப்பார்கள், 'மீல்' என்ற பெருங்கட்டையைச் சுழற்றுவார்கள், மல்லாந்து படுத்துக் கதவு போன்ற பலகைகளைத் தூக்குவார்கள், இரும்பு வில்லும் சங்கிலியுமான 'கப்பாதே'யைத் தலைக்குமேல் இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள், கடைசியில் நின்ற இடத்தில் சுழல்வார்கள். யுனெஸ்கோ 2010இல் இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் அகாடாவுக்கும் இதற்கும் ஒட்டுறவு உண்டு என்பது பார்த்தவுடனே தெரியும். பயில்வான் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். எனக்கு அதில் பிடித்தது பறைதான். முப்பது பேருக்கு ஒரே வேகம், ஒரே மூச்சு. எவனும் முந்தி ஓடி இளைப்பதில்லை, எவனும் பதுங்குவதில்லை. நம் ஊர் ஜிம்களில் அலறும் பாட்டை அணைத்துவிட்டு ஒரு தவில்காரரை உட்காரவைத்தால் பாதிப் பேருக்குப் பயிற்சியாளரே தேவைப்படாது.

துருக்கியின் எண்ணெய் மல்யுத்தம் விதி உடலை எப்படித் திருத்துகிறது என்பதற்கு இன்னொரு நல்ல சாட்சி. எதிர்னே நகரில் நடக்கும் கிர்க்பினார் போட்டியில் உடல் முழுவதும் ஆலிவ் எண்ணெய். கையையோ கழுத்தையோ பிடித்தால் வழுக்கும். பிடிக்க மிஞ்சியது தோலால் தைத்த 'கிஸ்பெத்' காற்சட்டைதான். அதன் இடுப்புப் பட்டைக்குள்ளும் முழங்கால் விளிம்புக்குள்ளும் கை நுழைக்க முடிந்தவனே ஆட்டத்தை நடத்துகிறான். ஆகவே அங்கே விரலும் முன்கையும்தான் செல்வம். முன்பு ஆட்டங்கள் முடிவில்லாமல் நீண்டன. 1975 முதல் நேர வரம்பு வந்தது. அதன்பின் வேகமும் புள்ளிக் கணக்கும் முக்கியமாகிவிட்டன. மங்கோலியாவில் எடைப் பிரிவும் இல்லை, வளையமும் இல்லை. நாதம் திருவிழாவில் 512 பேர் இறங்கி ஒருவர் மிஞ்சும்வரை மோதுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் மரத்தூள் பரப்பிய தரையில் சணல் காற்சட்டையைப் பற்றி வீசுகிறார்கள். வென்றவர் தோற்றவரின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்துவிட வேண்டும். ஒகினாவாவில் ஜாடியின் விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கராத்தேயில் பிடியும் குத்தும் ஒரே கையில் இருக்கின்றன. கேரளக் களரியில் வெறும் உடலை வளைக்கும் மெய்த்தாரி தேறாமல் கோல் கைக்கு வராது. நட்ட மரத்தூணில் ஏறி வித்தை காட்டும் நம் மல்லர் கம்பம், விழுப்புரத்துப் பிள்ளைகள் இன்று பேர் வாங்கிக்கொண்டிருப்பது, மல்லனின் பிடிக்காகவே வளர்ந்தது.

உங்கள் மகனின் சிலம்பம் வீண் போகாது. சிலம்பத்தில் முதலில் சொல்லித்தருவது காலடி. எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை உணர்ந்து நகரத் தெரிந்த பையனுக்குக் குஸ்தியில் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் அவன் மறக்க வேண்டியிருக்கும்: தூரம். கம்புக்காரன் எட்டி நிற்கப் பழகியவன். மல்லன் நெற்றியோடு நெற்றி ஒட்டி நிற்க வேண்டும். முதல் சில மாதம் அவன் பின்வாங்கிக்கொண்டே இருந்தால் பயந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள்.

இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. பள்ளிப் போட்டி, மாநிலப் போட்டி என்று போக விரும்பினால் அவன் மோதப்போவது மெத்தையில். மூன்று நிமிடம், 30 நொடி இடைவேளை, மறுபடி மூன்று நிமிடம் என்பது பெரியவர்களுக்கான அளவு. சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. கீழே தள்ளிப் பின்னால் போனால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. 10 புள்ளி முந்தினால் ஃப்ரீஸ்டைலில் ஆட்டமே முடிந்தது. மண்ணில் வளர்ந்தவன் இங்கே மாட்டிக்கொள்ளும் இடத்தை நான் பள்ளிப் போட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கீழே விழுந்ததும் பழக்கதோஷத்தில் குப்புறப் படுத்துக்கொள்வான். கோதாவில் அது பத்திரம். மெத்தையிலோ எதிராளி சாவகாசமாக அவன் கணுக்கால்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி, கைக்குள் பூட்டி, உருட்டுவான். இங்கே அதை 'ஃபித்லே' என்பார்கள். ஒரு உருட்டலுக்கு 2 புள்ளி. பூட்டை விடாமல் நான்கு முறை உருட்டினால் 8, கீழே தள்ளியதற்கு வாங்கிய 2ஐயும் சேர்த்தால் 10. இருபது நொடியில் கதை முடிந்துவிடும். 1,000 பஸ்கி எடுத்த தொடை அப்போது உதவாது.

அதனால் தில்லியின் பெரிய அகாடாக்களில் இன்று கோதாவும் மெத்தையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சப்ஜி மண்டிப் பக்கம் பிர்லா மில்லை ஒட்டி 1925இல் குரு ஹனுமான் தொடங்கிய அகாடா பல தலைமுறை மல்லர்களை உருவாக்கியது. இப்போது வடக்குத் தில்லியின் சத்ரசால் ஸ்டேடியத்தில் பழகியவர்கள் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவருகிறார்கள்: 2021இல் டோக்கியோவில் ரவி தஹியா வெள்ளி, 2024இல் பாரிஸில் அமன் செஹ்ராவத் வெண்கலம், இருவரும் 57 கிலோ பிரிவில். மண்ணில் உடலையும் மெத்தையில் ஆட்டத்தையும் கற்பதுதான் நடைமுறை. நீங்கள் பார்த்த இடத்தில் மெத்தை இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் அதில் ஜோர் (பயிற்சி மோதல்) பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். மெத்தையே இல்லை, பையனுக்கோ போட்டி ஆசை என்றால் வேறு இடம் தேடுங்கள். உடம்புக்காகவும் ஆசைக்காகவும் மட்டும் என்றால் மண் அகாடாவே எனக்கு விருப்பம். விழுவதற்கு இதமான தரை, கூச்சலில்லாத ஒழுங்கு.

முழங்கால் விஷயம். ஆரோக்கியமான முழங்கால் தன் உடல் எடையில் எடுக்கும் பஸ்கியால் கெடுவதில்லை. திடீரென்று கூட்டிய எண்ணிக்கைதான் கெடுக்கும். இந்த வயதில் வேகமாக வளரும் பிள்ளைகளுக்குச் முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில், வீங்கி வலிப்பதுண்டு. அப்படியானால் பஸ்கியைக் குறைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பழக்கமே இல்லாதவனை முதல் நாளே 500 பஸ்கி எடுக்க வைத்தால் தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். தாங்க முடியாத தொடை வலியும் கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விவரமான உஸ்தாத் (குரு) இருபதில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார். "முதல் நாளிலேயே பார்க்கிறேன் இவன் தேறுவானா" என்று சவால் விடுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

காது மடல் உரசி உள்ளே ரத்தம் கட்டினால் ஓரிரு நாளில் மருத்துவர் அதை எடுத்துவிடலாம். விட்டால் கெட்டிப்பட்டுக் காது சுருண்டே நின்றுவிடும். மூத்த பயில்வான்கள் அதைப் பதக்கம்போல் காட்டுவார்கள், 13 வயதில் அது வேண்டாம். மஞ்சளும் வேப்பிலையும் மண்ணில் இருப்பதால் தோலில் படை வராது என்றும் நம்ப வேண்டாம்: வீட்டுக்கு வந்தவுடன் குளியல், தனித் துண்டு, வெட்டிய நகம். சாப்பாட்டில் ஒரு லிட்டர் பாலும் அதில் மிதக்கும் நெய்யும் பாதாமும் நாள் முழுவதும் உடல் உழைக்கும் பயில்வானுக்குச் செரிக்கும். மீதி நேரம் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரும் பையனுக்குத் தொந்தியாகும். சுண்டல், முட்டை, தயிர், கேழ்வரகு போதும். சைவம் என்றாலும் கவலை வேண்டாம், குரு ஹனுமானின் அகாடாவே சைவச் சமையல்தான்.

எடை குறைக்கச் சொன்னால் மட்டும் கறாராக மறுத்துவிடுங்கள். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் போட்டி எடைக்காக உடலிலிருந்து நீரை வடித்து, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதி ஆட்டத்தன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்து வெளியேற்றப்பட்டதை நாடே பார்த்தது. அதற்கு முந்தைய இரவு அவர் பட்ட பாடும் செய்தியானது. வளரும் பிள்ளை வளர்ந்த எடையில் மோதட்டும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய மண் அகாடாக்கள் பலவற்றில் பெண்களைக் கோதாவில் இறங்க விடுவதில்லை. நீங்கள் போன இடத்திலும் அப்படிச் சொல்லக்கூடும். அதைக் கேட்டு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள், இந்த நகரத்திலேயே வேறு வழி திறந்து பல காலம் ஆகிறது. 1970 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சந்த்கி ராம், யமுனைக் கரையோரத்துத் தன் அகாடாவில் தன் மகள்களையே இறக்கிப் பெண்கள் குஸ்தியைத் தொடங்கிவைத்தார். அன்று பயில்வான்கள் கல்லெறியாத குறைதான். அவரிடம் பழகிய மகாவீர் போகாட்தான் பிறகு தன் பெண்களை மல்லர்களாக உருவாக்கினார். பத்து வயதுக்கு இப்போதே மோதல் தேவையில்லை. குட்டிக்கரணம், முன்னும் பின்னும் விழும் பயிற்சி, கயிறு ஏறுவது, பிடித்துத் தள்ளும் விளையாட்டு இவை ஒன்றிரண்டு ஆண்டுக்குப் போதும். பெண் பயிற்சியாளரும் அவள் எடையில் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் இருக்கிற கூடமாகப் பாருங்கள். சம எடையில் ஜோடி கிடைக்காத பெண் நான்கு மாதத்தில் சலித்து நின்றுவிடுகிறாள், அவளிடம் திறமை இருந்தாலும். அப்படியொரு கூடம் கிடைத்து, அங்கே மண் கோதாவும் இருந்துவிட்டால், அண்ணனையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்; மயூர் விஹாரிலிருந்து காலையில் இரண்டு இடத்துக்கு அலைவது உங்களால் ஆகாது.